எசினாமின் கட்டைவிரல்

கடலோர ஊரான அன்லோகாவின் பள்ளித் தாழ்வாரத்தில் வெயில் வாக்குச்சீட்டின் மேல் விழுந்து கண் கூசுகிறது. அட்டை மறைப்புக்குப் பின்னால் நிற்கும் எசினாமின் வலது கட்டைவிரலில் மை ஈரமாக இருக்கிறது, கைதான் நிற்கவில்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளையில் பட்ட அடி அது. பக்கத்துத் தெரு யாவோவுக்கு அதே அடி உடம்பை மரமாய் விறைக்க வைத்தது. இவளுக்கோ யாராவது பார்த்தாலே கை தானாக நெளிந்து அலையும். இப்போது வரிசை முழுதும் பார்க்கிறது. வேட்பாளரின் கட்டத்தில் கைநாட்டு வைப்பதுதான் இங்கே வாக்கு; இன்னொரு கட்டத்திலும் மை பட்டால் சீட்டு செல்லாது.

“அண்ணன் வச்சுக் குடுக்கட்டுமேம்மா, சட்டத்துல இடம் இருக்கு,” என்கிறார் தேர்தல் அதிகாரி. அண்ணன் செனானு அதற்குள் ஓரடி முன்னால் வந்துவிட்டான். “போன ரெண்டு தடவையும் நான்தானே வச்சேன்? நகரு.”

“உன்... கட்சிக்கு... வச்சே,” என்று இழுத்து இழுத்துச் சொல்கிறாள் எசினாம். வரிசையில் நிற்கும் மீன்காரிகள் சிரிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் அவள் தோள் துள்ளுகிறது. மைவிரல் காகிதத்தை உரசுவதுபோலப் போய் விலகுகிறது. அவள் வலது முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் மணிக்கட்டை அமுக்கி, நெஞ்சின் பாரம் மொத்தத்தையும் அதன்மேல் சாய்க்கிறாள். மூச்சை மெல்ல விடுகிறாள். விரல் இறங்குகிறது. எடுத்துப் பார்க்கிறாள், ரேகை முழுதாகக் கட்டத்துக்குள் இருக்கிறது, கோட்டில் ஒரு பொட்டு மையில்லை. சீட்டை மடிக்க நான்கு முறை முயல்கிறாள், பிறகு பெட்டிக்குள் தானே போடுகிறாள்.

“யாருக்கு வச்சே?” என்று காதோரம் கேட்கிறான் செனானு.

“இந்தத் தடவை... அது உனக்குத் தெரியாதுண்ணே.”