பந்தைப் பிடிக்க ஓர் ஆள்

மரத்தரையில் மாலை வெயில் கோடு கோடாகக் கிடக்கிறது. எங்கள் தீவுப் பள்ளியின் கூடைப்பந்து அணியில் மொத்தமே ஐந்து பெண்கள். ஆளுக்கு ஐந்து ஃபவுல் ஆகி வெளியேற்றப்பட்டு மூன்று பேர் ஏற்கெனவே பெஞ்சில் இருக்கிறோம். இப்போது ரிசாவும் கணுக்கால் பிசகி பெஞ்சுக்கு நொண்டிக்கொண்டு வருகிறாள். "நிக்கவே முடியலடி." கோட்டுக்கு வெளியே ஹோனமி மட்டும் பந்தோடு நிற்கிறாள். புள்ளிப் பலகையில் 41–40, நாங்கள்தான் முன்னால். நடுவர் கேட்கிறார்: "பந்த யாருக்கும்மா போடுவ?" "நானே போட்டு நானே எடுத்துக்கிறேன் சார். இன்னும் நாப்பது செகண்டுதான் பாக்கி!" "உள்ள இன்னொருத்தர் வேணும்மா. ஒத்த ஆளுன்னா தோத்ததாத்தான் அர்த்தம்." பலகையில் எங்கள் நாற்பத்தொன்று அழிந்து பூஜ்யம் வருகிறது, விதிப்படி அவர்களுக்கு இரண்டு. ஆட்டம் முடிந்ததென்று எதிரணி குனிந்து வணங்குவதற்கு வரிசையில் நிற்கிறது. ரிசா வழக்கமாக நிற்கும் இடத்துக்கு ஹோனமி பந்தைப் போடுகிறாள். அது குதித்துக் குதித்து எதிர்ச்சுவர்வரை போகிறது.