தலைவர் விலகுகிறார்

“இந்த நாற்காலிக்கும் எனக்கும் இனிமே ஒட்டுமில்ல, உறவுமில்ல!”

ஜப்பானிய மொழி ஆசிரியர் சங்கத்தின் தலைவர் இப்படி முழங்கிவிட்டு, அதே நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

வருஷா வருஷம் பொதுக்குழுவில் நடப்பதுதான். அவர் ராஜினாமா செய்வார். எல்லோரும் கெஞ்ச வேண்டும். அவர் பிகு பண்ணிக்கொண்டு, பிறகு மனம் இரங்குவார்.

“அப்படிச் சொல்லாதீங்க சார்! நீங்க இல்லாட்டி சங்கமே அநாதையாயிடும்” என்று பொருளாளர் தழுதழுத்தார்.

“உடம்பு ஒத்துழைக்கலையேப்பா” என்றார் தலைவர், பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்தபடி.

புதிதாகச் சங்கத்தில் சேர்ந்திருந்த ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கத்தின் செயலாளர் வேறு யாருமல்ல, அவளுடைய சொந்த அண்ணி. மாதிரி வினாத்தாள் தயாரிப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்துவது, ஜப்பானிலிருந்து வரும் பேராசிரியரை விமான நிலையம் போய் அழைத்து வருவது, எல்லாம் அண்ணி. அந்தப் பேராசிரியரின் தோளோடு தோள் உரசி நின்று போட்டோவுக்குச் சிரிப்பது மட்டும் தலைவர்.

அவள் எழுந்தாள்.

“சார்தான் முடியலேன்னு இவ்வளவு தூரம் சொல்றாரே, பாவம். ஏத்துக்கிட்டா என்ன? செயலாளரையே தலைவராக்கிடலாம்.”

தலைவரின் கையிலிருந்த பிஸ்கட் பாதி டீக்குள் கரைந்து விழுந்தது.

“அ... அதுக்கென்ன, எல்லாருக்கும் அதுதான் இஷ்டம்னா...” என்று இழுத்தார்.

அண்ணி பதறி எழுந்தாள். “அவ புதுசு சார், விவரம் தெரியாம உளறிட்டா! நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!”

அவள் கண்ணில் நிஜமாகவே நீர் முட்டியது. அவளைத் தொடர்ந்து மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. பொருளாளர் கையே கூப்பிவிட்டார்.

தலைவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். “உங்க அன்புக்கு முன்னாடி என் உடம்பு எம்மாத்திரம்? இருந்து தொலைக்கிறேன்.”

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது நாத்தனார் பொரிந்து தள்ளினாள்.

“மாடா உழைக்கிறது நீங்க, மாலை வாங்கிக்கிறது அவரு! தானா போறேன்னவரைக் கால்ல விழாத குறையா பிடிச்சு வெச்சிருக்கீங்க. ரோஷமே கிடையாதா அண்ணி?”

“ரோஷம் இருக்கும்மா. அதைவிடப் பயம் ஜாஸ்தியா இருக்கே!”

“அவரைப் பார்த்தா பயம்? அவர் என்ன பண்ணிடுவாரு?”

அண்ணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“முன்னே அவர்கிட்ட படிச்சுட்டு ஜப்பானுக்கு வேலைக்குப் போனாங்களே பசங்க... முதல் நாளே மேனேஜரைப் பார்த்து, இவர் சொல்லிக்கொடுத்தபடி காலை வணக்கம்னு நினைச்சுக்கிட்டு, ஜப்பானிய மொழியில ‘சாப்பிடப் போறேன்’னு வரிசையா குனிஞ்சு சொல்லியிருக்காங்க. தலைவர் பதவியில இருக்கிறதாலதான் இப்ப அவருக்கு நேரமில்ல. அதையும் பிடுங்கிட்டா, மனுஷன் திரும்ப வகுப்பு எடுக்க வந்துடுவாரே!”