பால் அளக்கும் நாள்

கவ்ரிலாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கறந்தார். ஆனாலும் வாளியில் பால் ஏறவில்லை. எப்படி ஏறும்? கை மடியில் இருந்ததே தவிர, விரல் பாதிகூட அழுத்தவில்லை.

பக்கத்தில் கறந்துகொண்டிருந்த இலாரியேயின் வாளியில் நுரை பொங்கியது.

"அடுத்தவன் ஆட்டுக்கு ஏன்யா இப்படி உயிர விடுற?" என்றார் கவ்ரிலா, தணிந்த குரலில்.

"யாரு ஆடா இருந்தா என்ன? மிச்சம் வெச்சா மடி கட்டிக்கும்ல."

பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று கவ்ரிலா மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

புனித ஜார்ஜ் திருநாள் முடிந்த வாரம் அது. மறுநாள் மூன்று வீட்டு ஆடுகளும் ஒரே மந்தையாக மலையேறும். இன்று எந்த வீட்டு ஆடு எவ்வளவு பால் தருகிறதோ, அதை வைத்துத்தான் கோடை முழுவதும் பாலாடைக்கட்டியில் அந்த வீட்டுக்குப் பங்கு. போன வருடம் கவ்ரிலா வீட்டுப் பீப்பாய் கிறிஸ்துமஸுக்கே காலி. பிள்ளைகள் நாலு பேரும் வெறும் சோளக்களியைத் தின்றே குளிர்காலத்தை ஓட்டினார்கள்.

சொந்த ஆடு என்றால் பாலில் தண்ணீர் ஊற்றவும் கூசாத ஆட்கள் இருந்தார்கள். அதனால் தன் ஆட்டைத் தானே கறக்கக் கூடாது என்று ஊர் விதி வைத்திருந்தது. முந்தின நாள் மாலையில் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு நிறம் எடுத்தார்கள். எடுத்த நிறம் பூசிய ஆடுகளைத்தான் கறக்க வேண்டும். கவ்ரிலாவுக்கு நீலம்.

எவருக்கும் சொந்த ஆடு வராதபடி, விடிந்ததும் ஆடுகளின் முதுகில் வீட்டுக்கொரு நிறம் பூச வேண்டியவள் அவர் மனைவி சஃப்தா. பொய் பேசாதவள் என்று பெயர் எடுத்தவள் என்பதால் ஊரே அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. எந்த வீட்டு ஆட்டுக்கு எந்த நிறம் என்று வாய் திறப்பதில்லை எனச் சிலுவையைத் தொட்டுச் சத்தியமும் செய்திருந்தாள்.

கம்பளி வெட்டிய ஆடெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதிலும் குறுகிய வாசல் வழியே ஒவ்வொன்றாக நுழையும்போது, கறக்க உட்கார்ந்தவன் பார்ப்பது பின்புறத்தையும் மடியையும் மட்டுமே.

"ஏங்க, ஒரு சொட்டுகூட மிச்சம் வெக்காம கறங்க." வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சஃப்தா குரல் கொடுத்தாள்.

கவ்ரிலா கண்ணடித்தார். "கறந்துட்டுத்தானடி இருக்கேன்."

"இன்னும் நல்லா இழுத்துக் கறங்க. உங்களக் கெஞ்சிக் கேட்டுக்குறேன்."

ஊர் காதில் விழட்டும் என்று என்னமாய் நடிக்கிறாள் என்று அவர் வியந்துபோனார். மடி கனக்கக் கனக்க அந்த ஆட்டை வெளியே விட்டார்.

ஊர்த்தலைவர் நிகிஃபோர் கோடு வெட்டிய குச்சியை ஒவ்வொரு வாளியிலும் இறக்கிப் பார்த்தார். சிவப்பு பதினொரு கோடு. கறுப்பு பன்னிரண்டு. நீலம் ஐந்து.

கூட்டம் உச்சுக்கொட்டியது. கவ்ரிலா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"நானும் மல்லுக்கட்டித்தான் பாத்தேன். மடியில ஒண்ணுமே இல்ல. பாவம், எந்த வீட்டு ஆடோ. இந்த வருஷம் அந்தப் பிள்ளைங்களுக்கு வெறும் களிதான்."

வீட்டுக்கு வீடு அடையாளமாகப் போட்டிருக்கும் காது வெட்டைப் பார்த்து ஆடு யாருடையது என்று சொல்ல நிகிஃபோர் பட்டிக்குள் போனார். சஃப்தா கவ்ரிலாவின் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"பாத்தியா என் சாமர்த்தியத்த?" என்று அவள் காதோரம் கிசுகிசுத்தார் கவ்ரிலா.

"நீங்கன்னா ஒட்டக் கறப்பீங்கன்னுதானே நம்ம ஆட்டுக்கு நீலம் பூசுனேன்."