முதல் குடம்

"தள்ளு, தள்ளு. முதக் கொடம் எனக்கு."

சொர்ணம்மாள் வந்துவிட்டால் வரிசை வழிவிட வேண்டும். தாராவியில் அந்தச் சந்துக்கு இருந்தது ஒரே குழாய். யார் எப்போது வந்து நின்றாலும் முதல் குடம் அவளுக்குத்தான். ஏன் என்று கேட்டால் வாயைத் திறந்துவிடுவாள். அந்த வாய்க்கு யார் ஈடு கொடுப்பது?

"குழாய அவ பேருக்கு எழுதி வச்சிருக்கு போல!" என்று பின்னாலிருந்து முணுமுணுப்பாள் மதீனா பீவி. உரக்கச் சொல்ல அவளுக்கும் தைரியம் கிடையாது.

உலகச் சண்டைக் காலம். விமானத்துக்குத் தெரியக்கூடாதென்று குழாயடி விளக்குக்குக்கூடக் கறுப்புத் தகரம் மாட்டியிருந்தார்கள். தண்ணீர் வருவதோ விடிவதற்கு முன்னால். கழிமுகத்திலிருந்து பனி வந்து சந்தை மூடியிருக்கும். பாதித் தூக்கத்தில் நிற்கும் பெண்கள் ஒருத்திக்கொருத்தி நிழலாகத்தான் தெரிவார்கள்.

இசக்கி அந்த வரிசையில் நின்றபடியே கனவு காண்பாள். கண் திறந்திருக்கும், கனவும் ஓடிக்கொண்டிருக்கும். ஊர்க் கிணறு. ராத்திரி முழுக்க யாரும் வாளி போடாமல் தெளிந்து கிடக்கிற தண்ணீர். முதல் வாளியோடு நட்சத்திரமும் ஏறி வரும். அதை நோயாளிக்கும் பிள்ளைக்கும் என்று தனியாக எடுத்து வைப்பார்கள். அப்புறம் இறைப்பதெல்லாம் கலங்கல்தான்.

'உஸ்' என்று குழாய் மூச்சு விட்டதும் கனவு கலையும். அதற்குள் சொர்ணம்மாளின் குடம் நிறைந்துகொண்டிருக்கும்.

இசக்கியின் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது.

"நல்ல தண்ணியாக் கொடுங்க. இனிமேலும் போச்சுன்னா பிள்ளை தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நல்ல தண்ணிக்கு எங்க போவ? அந்த முதக் கொடத்தப் பிடிச்சாத்தான் உண்டு" என்றான் அவள் புருஷன் தளவாய்.

மறுநாள் இசக்கி பனிக்குள் முதல் ஆளாகப் போய்க் குழாய்க்கு அடியில் குடத்தை வைத்தாள்.

"ஏட்டி, எடு கொடத்த" என்று வந்து நின்றாள் சொர்ணம்மாள்.

"மாட்டேன் சித்தி. பிள்ளைக்குச் சொகமில்ல. இன்னைக்கு ஒருநாள் எனக்கு விட்டுக் கொடுங்க."

"பிள்ளைக்கா?" சொர்ணம்மாளின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்பக் கண்டிப்பாத் தரமாட்டேன்."

குழாய் மூச்சு விட்டது. சொர்ணம்மாள் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். இசக்கியின் குடம் கணகணவென்று உருண்டு போயிற்று.

"நீங்கல்லாம் ஒரு பொம்பளையா?" இசக்கிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பெத்து வளத்திருந்தால்லா பிள்ளை அருமை தெரியும்!"

சொர்ணம்மாள் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பனிக்குள் நடந்தாள்.

இசக்கி விடுவாளா? அன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பின்னாலேயே போனாள்.

சொர்ணம்மாள் வீட்டுக்குள் சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குடத்தை அதன் பக்கத்தில் இறக்கினாள்.

"வந்துட்டேல்லா? நல்லாப் பாத்துக்கோ."

கஷாய நிறம். மேலே ஏதோ ஏடு கட்டி மிதந்தது. குனிந்த இசக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துத் தோல் பதனிடும் கிடங்கின் நாற்றம். சந்து முழுக்க அதே நாற்றம்தான் என்பதால் குழாயடியில் யார் மூக்குக்கும் அது தனியாகத் தெரிந்ததில்லை. நிறம் தெரிய வெளிச்சமும் இல்லை.

"குழாய் சாக்கடைக்குள்ளல்லா கெடக்கு. எங்கயோ ஓட்டை. தண்ணி நின்னதும் உள்ள ஊறிருது. எல்லாம் முதக் கொடத்தோட வந்துரும். பொறவு வாரது தெளிவு. அதையும் கொதிக்க வச்சுத்தான் பிள்ளைக்குக் கொடுக்கணும், கேட்டியா?"

"இத எல்லார்ட்டயும் சொல்லலாம்லா சித்தி?"

"சொன்னா எவ முன்னால நிப்பா? விவரந் தெரியாம புதுசா வாரவ தலையில கட்டிருவாளுவ."

"கீழ ஊத்தித் தொலைக்க வேண்டியதுதான?"

"தண்ணிய வீணாக்குதோம்னு முனிசிபாலிட்டி முகாதம் குழாயப் பூட்டிட்டுப் போயிருவான். ஒருக்கா பூட்டியும் இருக்கான்."

மூலையில் இன்னொரு குடம் கவிழ்ந்து கிடந்தது.

"அப்ப ஒங்களுக்குக் குடிக்க?"

"திரும்பிப் போயிக் கடைசில நிப்பேன். வந்தா உண்டு."

இசக்கியால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "பெத்து வளத்திருந்தான்னு வாய் கூசாமச் சொல்லிட்டேனே சித்தி..."

"பெத்தேன். வளக்கத்தான் கொடுத்து வைக்கல." சொர்ணம்மாள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்மூர்க் கிணறுன்னு நெனச்சு, எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு, முதக் கொடத்த நாந்தான் அவனுக்குப் பிடிச்சுக் கொடுத்தேன்."

இசக்கியின் வீட்டில் குழந்தை அன்று, பிந்திப் பிடித்துக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் குடித்துவிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கிற்று.

மறுநாளும் பனி. வரிசையில் நின்ற இசக்கியின் கனவில் அதே கிணறு. ஆனால் கிணற்றடியில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து, தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை.

'உஸ்.'

சொர்ணம்மாள் குடத்தோடு முன்னால் வந்தாள். அவளை ஓர் இடி இடித்து ஒதுக்கிவிட்டுக் குழாயை மறித்துக்கொண்டு நின்றாள் இசக்கி.

"அடி ஆத்தே, இவளுக்கு வந்த பேராசையப் பாரு!" என்றாள் மதீனா பீவி, இந்தத் தடவை உரக்கவே.

இசக்கி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தள்ளுங்க சித்தி. முதக் கொடம் எனக்கு."