நகராத ஆள்

ஷூ கம்பெனி விடும் நேரத்தில் ஜனங்கள் எப்படி ரோட்டைக் கடக்கிறார்கள்? அதுதான் லுப்னாவின் காலேஜ் பிராஜெக்ட். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு மொட்டை மாடியிலிருந்து தினமும் சாயங்காலம் வீடியோ எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை வீடியோவில் எல்லோரும் நடக்க, ஒரு ஆள் மட்டும் அசையாமல் நின்று கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை அவரே மாடிப்படிக்குக் கீழே நின்று, "பாப்பா!" என்றார். லுப்னா பதறிப்போய் ஓடிவிட்டாள்.

இன்று கேமராவில் தேடினாள். ரோட்டில் அவர் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டபோது, பின்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவரேதான். இறங்க வேறு வழி இல்லை.

"கிட்ட வராதீங்க! கத்துவேன்! இன்னா வேணும் உங்களுக்கு?"

அவர் சட்டென்று இரண்டு படி இறங்கிக் கைகூப்பினார்.

"கத்திடாத பாப்பா. நேத்தே கேக்க வந்தேன், நீ ஓடிட்ட. நான் கன்னியப்பன், கணியம்பாடி. என் சம்சாரத்துக்கு எதுவும் ஞாபகம் நிக்காது. திங்கட்கிழமை இந்தக் கூட்டத்துலதான் அவளத் தொலைச்சிட்டேன். போலீஸும் தேடுது. அன்னிக்கு எடுத்த வீடியோ இருக்கா? பச்சைப் புடவை கட்டியிருந்தா."

லுப்னா அவரை மேலே வரச் சொல்லி லேப்டாப்பைத் திறந்தாள்.

ஐந்தே முக்காலுக்குப் பச்சைப் புடவை தெரிந்தது. அந்த அம்மாள் நாலாபக்கமும் யாரையோ தேடினாள். பிறகு வாணியம்பாடி பஸ்ஸில் ஏறினாள்.

"விஜயா..." கன்னியப்பன் திரையைத் தொட்டார்.

லுப்னா கேமராவை மடக்கிப் பையில் போட்டாள்.

"வாங்க, அந்த பஸ் கண்டக்டரப் பிடிப்போம்."

அவருக்கு முன்னால் அவள்தான் படியிறங்கி ஓடினாள்.