சோடியத்தின் கடைசி எலக்ட்ரான்

பதினொன்றுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சோடியம் ஓடிக்கொண்டிருந்தது.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் மூன்று வட்டங்கள். நடுவில் சாமியானா. அதன் நிழலில் பதினொரு புரோட்டான்களும் பன்னிரண்டு நியூட்ரான்களும் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பதினோராம் வகுப்பு.

முதல் வட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்கள். இரண்டாவதில் எட்டு. மூன்றாவது வட்டம் மைதானத்தின் விளிம்பைத் தொட்டது. அதில் அமுதவல்லி மட்டும் ஓடினாள். கழுத்தில் கழித்தல் குறி போட்ட அட்டை.

நேற்றுவரை அது இளவழகனின் வட்டம். மாவட்ட அளவில் ஓடிப் பரிசு வாங்கியவன். இன்று நியூட்ரானாக உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான்.

வேதியியல் ஆசிரியை உஷாராணி வட்டத்துக்கு வெளியே விசிலோடு நின்றாள். அறிவியல் தினம். சேலத்திலிருந்து சிறப்பு விருந்தினர் வந்து பார்க்கும்வரை யாரும் நிற்கக் கூடாது. நின்றால் எலக்ட்ரான் கருவுக்குள் விழுந்துவிடும் என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

கேட்டருகே டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு அமுதவல்லியின் அப்பா பச்சமுத்து வந்தார். வெள்ளை வேட்டி. மடிப்புக் கலையாத சட்டை.

மகள் கடக்கும்போது, "சாமி, வா போலாம்" என்றார். அவள் கடந்து போய்விட்டாள்.

அடுத்த சுற்றில், "மாப்பள ஊட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க" என்றார்.

அதற்கடுத்த சுற்றில் கத்தினார். "பன்னெண்டுக்கு ராகுகாலம்!"

இரண்டாவது வட்டத்தில் ஒரு எலக்ட்ரான் சிரித்தது.

அவர் உஷாராணியிடம் வந்தார். பதினாறு வயசுப் பிள்ளை என்று போன வாரமே அவரிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். பாக்கத்தானுங்க வராங்க என்று அப்போது சொன்னார்.

"டீச்சர், மாப்பளைக்குப் போர்வெல் போடற ரிக் வண்டிங்க. நாளைக்கு சத்தீஸ்கர் கெளம்பிட்டா இனி ஆடியிலதான் வருவாரு. இன்னிக்குப் பாத்தாத்தான் உண்டு. புள்ளையக் கூட்டிட்டுப் போறனுங்க."

"அவ போயிட்டா இது அணு இல்லைங்க. அயனி ஆயிரும். பேனர்ல அணுன்னு போட்டிருக்கு."

பச்சமுத்து பேனரைப் பார்த்தார். அணு என்றுதான் போட்டிருந்தது.

"அந்தப் பையன் சும்மாதானுங்க உக்காந்து கடலை திங்கறான். அவன ஓடச் சொல்லுங்க."

"அவன் நியூட்ரானுங்க. ஓடக் கூடாது."

தனக்கும் வருத்தம்தான் என்பதுபோல இளவழகன் தலையை ஆட்டினான்.

"விருந்தாளி எங்கீங்க வாராரு?"

உஷாராணி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பார்த்தாள். திரும்ப உள்ளே வைத்தாள்.

"அஸ்தம்பட்டி தாண்டிட்டாருங்க."

பச்சமுத்து காத்திருந்தார். வெயில் ஏறியது. ஒவ்வொரு சுற்றிலும் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். காலையில் அம்மா போட்டுவிட்ட பவுடர் முதலில் கோடு கோடாகி, பிறகு காணாமலே போயிருந்தது.

"வெயில்ல ஓடி ஓடிக் கருத்துப் போறாளுங்க டீச்சர். இந்த மூஞ்சியவா அவங்ககிட்டக் காட்டறது?"

உஷாராணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவளுக்குப் பதிலா நான் ஓடட்டுங்களா?"

அவள் பாடப்புத்தகத்தை மனதுக்குள் புரட்டினாள். எலக்ட்ரானுக்கு வயது கிடையாது. ஆண், பெண் கிடையாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இம்மிகூட வித்தியாசம் கிடையாது. வெளியிலிருந்தும் வந்து சேரலாம்.

"ஓடலாங்க. மல்லூர் வந்துட்டாராம். இன்னும் கொஞ்ச நேரந்தான்."

பச்சமுத்து செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டைப் பையில் போன் குதிக்கும் என்று அதை மகளிடம் கொடுத்தார். அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்றாவது வட்டத்தில் இறங்கினார்.

சோடியம் ஒரு நொடிதான் அயனியாக இருந்தது.

அமுதவல்லி புங்கமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். கையிலிருந்த போன் அடித்தது. டீச்சரைப் பார்த்தாள். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் மூன்று சுற்று எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. பச்சமுத்து நன்றாக ஓடினார். ஓர் இடத்திலும் கோட்டை மிதிக்கவில்லை. இரண்டாவது வட்டத்தில் நடக்க ஆரம்பித்த ஒருவனை, "நிக்காத சாமி, உள்ள உழுந்துருவ" என்று அதட்டினார்.

பதினொன்றே முக்காலுக்குப் போன் விடாமல் அடித்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை அடித்தது.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு அடிக்கவில்லை.

உஷாராணி மறுபடியும் கைப்பையைத் திறந்தாள். ஒன்பது நாற்பதுக்கு வந்த செய்தி அப்படியே இருந்தது. சிறப்பு விருந்தினருக்குக் காய்ச்சல். வர இயலவில்லை, மன்னிக்கவும்.

காலையில் அதைப் படித்து முடித்ததும்தான் அவள் இளவழகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அமுதவல்லியை வட்டத்தில் இறக்கியிருந்தாள்.

பச்சமுத்து சுற்றி வந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைக் கடக்கும்போதும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், மல்லூர்ல இருந்து இங்க வர இவ்வளவு நேரமுங்களா?"