தினமும் இரண்டு லிட்டர்

"கோபிச்சுக்காதீங்கக்கா. வண்டிக்கு ஒரு வியாதியும் இல்லை. வியாதி உங்ககிட்டதான்."

காரின் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான் எபோ. தக்கராடி நகரத்துப் பட்டறைத் தெருவில் முப்பது வருஷமாக இன்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறவன்.

பழைய டயர் ஒன்றின் மேல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மான்சாவுக்கு வயது அறுபத்து மூன்று. புருஷன் போன பிறகு தனிக்கட்டை.

"என்கிட்டயா? மிஸ்ஸிங் மிஸ்ஸிங்னு எட்டு மாசமா கம்பெனி சர்வீஸுக்கு அலையறேன். முதல்ல பிளக்குன்னாங்க. அப்புறம் காயில்னாங்க. அப்புறம் என்னமோ கம்ப்யூட்டர் பெட்டின்னாங்க. ஹாம்பர்க்ல என் தம்பி ராப்பகலா உழைச்சு அனுப்பின காசெல்லாம் அந்தக் கண்ணாடி மாளிகையிலதான் போச்சு. வியாதி என்கிட்டன்னு அவங்ககூடச் சொல்லலையேப்பா."

"எப்படிச் சொல்வாங்க? சொல்லிட்டா அவங்க ஏ.சி.க்கு கரண்ட் பில் யார் கட்டறது?"

எபோ ஒரு தகர டப்பாவை அவள் முன்னால் நீட்டினான். டேங்கின் அடியிலிருந்து வடித்தது. பெட்ரோலை விடத் தண்ணீர்தான் அதில் அதிகம். துரு வேறு செம்மண் போலப் படிந்து கிடந்தது.

"முள்ளு சிவப்புல இருக்கிறப்பவே எந்நேரமும் ஓட்டறீங்க. காலி டேங்க் இந்த மழைக்காலத்துல உள்ளேயே வேர்த்துத் தண்ணி விடும். அந்த அடிமண்டியைத்தான் உங்க இன்ஜின் குடிக்குது. கம்பெனியில பத்து லிட்டர் ஊத்தி ஓட்டிப் பார்ப்பாங்க, சமர்த்தா ஓடும். உங்க கைக்கு வந்த ஒரே வாரத்துல மறுபடி திக்கும். ஒரு தடவைக்கு எவ்வளவு போடுவீங்க?"

"ரெண்டு லிட்டர்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"தினமும்."

"தினமுமா? மீனா வாங்கறீங்க, அன்னன்னைக்குப் புதுசா வேணும்னு? எந்த பங்க்?"

"செகொண்டி ரோட்டுல, கடைசி பங்க்."

எபோ வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "உங்க வீட்டு எதிர்லயே ஒண்ணு இருக்கு. வழியில இன்னும் ரெண்டு. அந்தக் கடைசி பங்க்காரன் என்ன, பெட்ரோல்ல தேன் கலந்து தரானா?"

"அங்கே அளவு சரியா இருக்கும்."

"போட்டதெல்லாம் போய் வரவே செலவாயிடுமேக்கா."

மான்சா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"வண்டி தம்பி பேர்ல இருக்கு," என்றாள். "இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னா, சனிக்கிழமை டாக்ஸிக்காரர் வந்து ஓட்டிட்டுப் போயிடுவார்னு சொல்லிட்டான். விலைகூடப் பேசிட்டான்."

"குடுத்துத் தொலையுங்களேன். சர்ச் உங்க வீட்டுக்குப் பின்னாடி. சந்தை ரெண்டு எட்டு. ஒத்தை மனுஷிக்குக் கார் எதுக்கு?"

"வேணும்ப்பா."

எபோ டேங்கைக் கழுவி, காயவைத்து, மாட்டி, திரும்பிப் போகும் அளவுக்குப் பெட்ரோல் ஊற்றிக் கொடுத்தான்.

"நேரே போய் டேங்க் ரொம்பப் போடுங்க. திக்கினா என்னை வந்து கேளுங்க. அப்புறம் ஒரு மாசத்துக்கு எந்த பங்க் பக்கமும் தலைவெச்சுப் படுக்க வேண்டாம்."

"ஒரு மாசமா," என்றாள் மான்சா. நல்ல சேதி கேட்டவள் முகமாக அது இல்லை.

வீட்டு எதிரே இருந்த பங்க்கைத் தாண்டினாள். அடுத்த இரண்டையும் தாண்டினாள். வீட்டில் குரல் என்றால் ரேடியோதான். கென்கே என்கிற சோளமாவு உருண்டை ஒன்று வாங்கினால் பாதி மீந்து, மறுநாள் காலையில் புளித்துக் கிடக்கும். வண்டியே போய்விட்டால் இதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லாததற்கு மாதம் ஒரு தடவை மேல்.

கடைசி பங்க்கில் ஒரு பலகை உண்டு. பெட்ரோல் போட வருகிற ஒவ்வொருவரிடமும் ஊழியர் மூன்று வாக்கியம் சொல்லியாக வேண்டும். தவறினால் அன்றைய கூலி கிடையாது. வாங்க, எவ்வளவு போடணும்? சைபரைப் பாருங்க. நல்லபடியா போய்ட்டு வாங்க. மான்சாவுக்கு மூன்றும் மனப்பாடம்.

எட்டு மாதமாக அங்கே வேலை பார்க்கும் நீலச் சட்டைக்காரன் வந்தான். வழக்கம்போல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்க, எவ்வளவு போடணும்?" என்று கேட்டுக்கொண்டே அவன் விரல் இரண்டாம் நம்பர் பொத்தானுக்குப் போய்விட்டது.

"டேங்க் ஃபுல்லா," என்றாள் மான்சா. குரல் அவள் இன்ஜினைப் போலவே ஒரு தடவை திக்கியது. "இனிமே அப்படித்தான் போடணுமாம்."

விரல் அங்கேயே நின்றது. அடுத்து சைபரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. குழாயைக் கையில் பிடித்தபடி நின்றான். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். திரும்பவும் அடித்தான்.

"ஃபுல்லாப் போட்டா," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு வரமாட்டியேம்மா."

பலகையில் இல்லாத வாக்கியம். ஒன்பது வருஷத்துக்கு முன், தகப்பனை அடக்கம் செய்ய வந்து சேரவில்லை என்று ஊரார் முன்னால் அவள் வாசலோடு விரட்டிய மகன், அதற்குப் பிறகு அவளிடம் சொந்தமாகப் பேசிய முதல் வாக்கியம்.